ஓவியர் வீட்டில் பிறந்த நடனம்

புரியிலிருந்து புவனேஸ்வரம் போகும் சாலையில் சந்தன்பூரில் இறங்கி உள்ளே திரும்பினால், தென்னைகளுக்கு நடுவே ரகுராஜ்பூர். எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். நடுத்தெருவில் வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள். வீட்டுச் சுவர்களில் கிருஷ்ணனும் கோபியரும். திண்ணைகளில் குனிந்து உட்கார்ந்து வரைகிறவர்கள். ஒடிசாவின் துணி ஓவியமான பட்டச்சித்திரத்துக்குப் பேர்போன ஊர் இதுதான். இங்கே சிந்தாமணி மகாபாத்ரா என்ற ஓவியருக்கு 1926 ஜனவரி 8ஆம் தேதி ஒரு மகன் பிறந்தார். தகப்பனார் தூரிகை பிடிப்பார். கோல் என்ற மண் மத்தளமும் வாசிப்பார். மகனும் தூரிகை பிடித்தார், தாளம் கற்றார், பிறகு காலில் சலங்கை கட்டினார். இன்று உலக மேடைகளில் ஆடப்படும் ஒடிசி நடனத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நிற்கும் குரு கேளுசரண் மகாபாத்ரா அவர்தான்.

இந்த வீட்டுக் கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. நடனத்தோடு ஓவியத்தையும் சேர்த்து மேடையேற்றும் நிகழ்ச்சிகள் நம் சபாக்களிலும் பிற நகரங்களின் விழாக்களிலும் இன்று அடிக்கடி காணக் கிடைக்கின்றன. பின்திரையில் தஞ்சாவூர் ஓவியமோ பட்டச்சித்திரமோ ஒளிர்கிறது. சில மேடைகளில் ஓவியர் ஒருவர் ஓரமாக அமர்ந்து வரைந்துகொண்டே இருக்கிறார். நடனம், இசை, ஓவியம் என மூன்று கலைகளின் சங்கமம், இதுவரை யாரும் செய்யாத முயற்சி என்று அழைப்பிதழ் சொல்கிறது. முயற்சியை மனதார வரவேற்கிறோம். ஆனால் ரகுராஜ்பூரில் இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவை. நாம்தான் அவற்றைப் பிரித்து வைத்தோம். எப்படிப் பிரிந்தன என்பது தெரிந்தால்தான் ஒழுங்காகச் சேர்க்க முடியும்.

பூசை பெறும் ஓவியம்

புரி ஜகந்நாதர் கல்லால் ஆனவர் அல்லர். மரத்தில் செய்து வண்ணம் தீட்டிய திருவுரு. அந்த மரத்திருமேனியே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் செய்யப்படுகிறது. கடைசியாக நடந்தது 2015இல். ஆனி மாதத்தை ஒட்டி வரும் பௌர்ணமியன்று ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் 108 குட நீரால் திருமஞ்சனம் நடக்கிறது. அத்தனை குடம் தண்ணீரில் குளித்தபின் சுவாமிக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது என்பது ஐதீகம். பதினைந்து நாள் தரிசனம் கிடையாது. அனசரம் என்று சொல்லும் அந்த நாட்களில் கருவறையை மூங்கில் தட்டியால் மறைத்து, அங்கே மூன்று பட்டச்சித்திரங்களை வைக்கிறார்கள். பூசையெல்லாம் அந்த ஓவியங்களுக்குத்தான். அவற்றை வரையும் மரபுரிமை பெற்ற சித்திரக்காரர்கள் வேலை முடியும்வரை விரதம் காக்கிறார்கள். தேரோட்டத்துக்கு முன் மூர்த்திகளுக்குப் புது வண்ணம் ஏற்றி, கண் திறந்த பிறகே ஊருக்குத் தரிசனம்.

ஓவியம் இங்கே அலங்காரமாக இல்லை, ஆண்டவனாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று குற்றாலத்துச் சித்திர சபை. நடராசரின் ஐம்பெரும் சபைகளில் அங்கே மட்டும் ஆடும் பெருமான் சுவரில் எழுதிய சித்திரமாக இருக்கிறார். மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை அந்தச் சித்திரத்துக்கு முன்னால்தான் நடக்கிறது.

புரியில் ஓவியத்துக்கு இருந்த அதே இடம் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் பாடிய கீதகோவிந்தத்தையே ஜகந்நாதர் சந்நிதியில் பாடி ஆட வேண்டும் என்று மன்னர் பிரதாபருத்ர தேவர் 1499இல் பொறித்து வைத்த கல்வெட்டு கோயில் வாசலிலேயே இருக்கிறது. ஆடியவர்கள் மஹரி என்ற தேவதாசிகள். ஓவியர்களும் அந்தக் காவியத்தையே விரும்பி விரும்பி வரைந்தார்கள். நம் ஊர் பஜனை மடங்களில் அதன் அஷ்டபதிகளைப் பாடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ராதை புதியவள் இல்லை. ஒடிசாவில் அந்த ராதையைச் சித்திரக்காரர் எழுதினார், பாடகர் பாடினார், மஹரி ஆடினாள். மூவருக்கும் ஒரே கோயில், ஒரே திருவிழா நாட்காட்டி.

புளியங்கொட்டையும் சாதிலிங்கமும்

பட்டச்சித்திரம் உருவாகும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையில் பழைய பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக ஒட்டுகிறார்கள். அதன்மேல் சுண்ணக்கட்டித் தூளும் பசையும் கலந்த பூச்சு. காய்ந்ததும் முதலில் சொரசொரப்பான கல்லாலும் பிறகு வழவழப்பான கல்லாலும் தேய்க்கிறார்கள். துணி தோல்போல ஆகிவிடும். சங்கைப் பொடித்து வெள்ளை, அரிதாரத்தில் மஞ்சள், சாதிலிங்கத்தில் சிவப்பு, விளக்குக் கரியில் கறுப்பு. இவற்றைப் பிடித்து நிறுத்துவது விளாம்பிசின்.

வரையும்போது முதலில் எழுவது கரை. பூவும் கொடியுமாகச் சட்டம் அமைந்த பிறகுதான் உள்ளே உருவங்கள் வருகின்றன. தேர்ந்த ஓவியர் பென்சில் தொடுவதில்லை; நேராகத் தூரிகைதான். நிறங்கள் நிறைந்தபின் கறுப்புக் கோடுகள், கடைசியில் கண். ஒடிசியில் பல்லவி என்ற ஆட்டப் பகுதியைப் பார்த்தவர்கள் இந்த ஒழுங்கை அடையாளம் கண்டுகொள்வார்கள். முதலில் ராகமும் தாளமும் எல்லை கட்டுகின்றன. பிறகு அதற்குள் உடல் மெல்ல நிறைகிறது. கண்ணும் கழுத்தும் நுணுக்கமாக அசைந்து அதற்கு உயிர் ஏற்றுகின்றன.

உருவங்களிலும் இந்த உறவு உண்டு. ஒடிசியின் இரண்டு அடிப்படை நிலைகளில் ஒன்றான சௌகம், கைகளையும் கால்களையும் சதுரமாக விரித்து நிற்பது. ஜகந்நாதரின் சதுர வடிவை அதில் காண்கிறார்கள். இன்னொன்றான திரிபங்கம், தலை, இடுப்பு, முழங்கால் என மூன்று இடங்களில் வளைந்து நிற்கும் கண்ணன் நிலை. இரண்டையும் பட்டச்சித்திரத்தில் காணலாம்.

இதைவிட வியப்பானது கந்தர்ப்ப ஹஸ்தி. ஒன்பது பெண்கள் ஒருவரோடு ஒருவர் பின்னிப் பிணைந்து ஒரு யானையாக நிற்க, மேலே கண்ணன் அமர்ந்திருப்பான். ஒருத்தியின் நீட்டிய உடல் துதிக்கையாகிறது, வேறொருத்தியின் வளைந்த முதுகு யானையின் முதுகாகிறது. எட்டி நின்றால் யானை, கிட்டப் போனால் கோபியர். ரகுராஜ்பூர்ச் சிறுவர்கள் ஆடும் கோட்டிபுவாவில் பந்த நிருத்யம் என்றொரு பகுதி இருக்கிறது. பெண் வேடமிட்ட சிறுவர்கள் உடலை வில்லாக வளைத்து, ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் புராணக் காட்சிகளை உருவாக்குகிறார்கள். சித்திரத்தில் இருக்கும் அதே கற்பனை, இங்கே தாளத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. இந்த ஊரில் கோட்டிபுவாப் பள்ளி நடத்தி, அருகிப்போன அந்த ஆட்டத்தை மறுபடி தழைக்கவைத்த குரு மாகுணி சரண் தாஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

ராதை கேட்ட தொய்யில்

சிறுவன் கேளுசரணுக்குக் கோட்டிபுவா பிடித்துப்போயிற்று. தகப்பனார் அவரை மோகன் சுந்தர் தேவ் கோஸ்வாமியின் ராசலீலா குழுவில் சேர்த்தார். ஆட்டம், பாட்டு, தாளம், வேடம் கட்டுதல் எல்லாம் பல ஆண்டுகள் அங்கேதான். குழுவை விட்டு வெளியே வந்த காலத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்திருக்கிறார். பிறகு நாடகக் குழுவில் தபலா வாசித்தார். கட்டக்கின் அன்னபூர்ணா நாடக அரங்கில் மஹரி மரபில் வந்த பங்கஜ் சரண் தாஸும், பின்னாளில் கேளுசரணின் மனைவியான நடனக் கலைஞர் லட்சுமிப்ரியாவும் உடன் இருந்தார்கள். ஒடிசிக்கு இன்றைய வடிவம் கிடைத்ததில் அந்த நாடக அரங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

கேளுசரணின் தனி நடனங்களில் ரசிகர்கள் மறக்காதது, கீதகோவிந்தத்தின் கடைசி அஷ்டபதியான ‘குரு யதுநந்தன’. கூடல் முடிந்து கலைந்து கிடக்கும் ராதை, தன்னைத் திரும்ப அலங்கரித்துவிடும்படி கண்ணனிடம் கேட்கிறாள். மார்பில் கஸ்தூரியால் இலைக்கோலம் எழுது, கண்ணுக்கு மை தீட்டு, நெற்றியில் திலகமிடு, கூந்தலில் பூச்சூட்டு என்று ஒவ்வொன்றாக வேண்டுகிறாள். சங்க காலத்தில் மகளிர் மார்பில் தொய்யில் எழுதியது நம் நினைவுக்கு வரும் இடம் இது. சட்டை அணியாத மார்போடு, வழுக்கை விழுந்த தலையோடு, எந்தப் பெண் வேடமும் இல்லாமல் அறுபது, எழுபது வயதுக் கேளுசரண் அந்த ராதையாக நின்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சற்று நேரத்தில் கிழவர் மறைந்து ராதை மட்டும் தெரிந்தாள். கண்ணனாக மாறி அவள்மேல் கோலம் எழுதும் கணத்தில் காற்றில் அசைந்த விரல்கள் ஓவியர் வீட்டுப் பிள்ளையின் விரல்கள். எங்கே தொட்டு, எங்கே அழுத்தி, எங்கே எடுக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். நடனமும் இசையும் ஓவியமும் சங்கமிப்பது என்றால் அதுதான். மேடையில் ஒரு துணியோ திரையோ இல்லாமலே அது நடந்தது.

உடன் இருந்து பாட வேண்டும்

நேரடி இசை இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது. கேளுசரணின் முதன்மை மாணவி சம்யுக்தா பாணிக்ராஹி. சிறு வயதில் ருக்மிணி தேவியிடம் கலாக்ஷேத்திராவில் பரதம் பயின்றவர். அவர் ஆடும்போது கணவர் ரகுநாத் பாணிக்ராஹி பாடுவார், குருவே மர்தளம் என்ற முழவை வாசித்துச் சொற்கட்டும் சொல்வார். சென்னையில் சினிமாவுக்குப் பாடிக்கொண்டிருந்த ரகுநாத், அந்த வாய்ப்பைவிட்டு மனைவியின் நடனத்துக்குப் பாட வந்தவர். மூவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ராதை வாசலைப் பார்க்கும் ஒரு வரியை ரகுநாத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு முறையும் சுரம் சற்று வேறு வழியில் போகும், அதற்கேற்ப சம்யுக்தாவின் காத்திருப்பும் வேறாகும். போதும் என்று அவர் கண் சொல்லும்வரை அடுத்த வரி வராது.

பதிவு செய்த இசையில் அந்த வரி எத்தனை முறை வர வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. ஆடுபவர் கணக்கு வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறது. அன்றைய அரங்கும், ரசிகரின் மௌனமும், ஆடுபவரின் மனமும் பாட்டைத் தொட முடியாது. பக்கவாத்தியக் குழுவுக்கு ஆகும் செலவு நடனக் கலைஞரின் கையைக் கடிக்கிறது என்பது உண்மை. பல இளம் கலைஞர்கள் சொந்தப் பணம் போட்டுத்தான் மேடையேறுகிறார்கள். அந்தச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, பென் டிரைவோடு வந்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை. செலவில் பங்கேற்க வேண்டியவர்கள் சபாக்களும் புரவலர்களும்தான். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் கேளுசரணின் மாணவி புரோதிமா பேடி 1990இல் தொடங்கிய நிருத்யகிராமம் என்ற நடனப் பள்ளியின் குழு வெளிநாட்டுப் பயணங்களிலும் இசைக்கலைஞர்களைக் கூடவே அழைத்துச் சென்றிருக்கிறது. மனம் இருந்தால் வழி உண்டு.

பிரிந்தது எப்போது?

1950களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வரைந்து பிழைக்க முடியாமல் ரகுராஜ்பூர் ஓவியர்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்ட காலம் அது. ஹலினா ஸீலி என்ற வெளிநாட்டுப் பெண்மணி அங்கே வந்து, முதிய ஓவியர்களைத் தேடிப் பிடித்து ஊக்கம் கொடுத்த பிறகுதான் பட்டச்சித்திரம் திரும்ப எழுந்தது. அதே ஆண்டுகளில் ஒடிசியும் எழுந்தது. 1954இல் டெல்லியில் நடந்த பல்கலைக்கழக இளைஞர் விழாவில் பிரியம்வதா மொஹந்தி ஆடியதைக் கலை விமர்சகர் சார்லஸ் ஃபாப்ரி கண்டு எழுதினார். நாடு ஒடிசியை நிமிர்ந்து பார்த்தது. சில ஆண்டுகளில் ஜயந்திகா என்ற அமைப்பில் குருமார்கள் கூடி நடனத்துக்கு முறை வகுத்தார்கள். அவர்களில் ஒருவரான மாயாதர் ராவுத்தும் கலாக்ஷேத்திராவில் படித்தவர்.

இரண்டு கலைகளும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. ஆனால் போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு. நடனமும் இசையும் 1953இல் தொடங்கிய சங்கீத நாடக அகாடமியின் பொறுப்பில் வந்தன. ஓவியத்துக்கென்று 1954இல் லலித் கலா அகாடமி வந்தது, ஆனால் நவீன ஓவியர்களுக்கே அது வீடாயிற்று. பட்டச்சித்திரம், தஞ்சாவூர் ஓவியம், கலம்காரி எல்லாம் கைவினைப் பொருள்களாகி விற்பனை நிலையங்களுக்குப் போயின. நம் பூம்புகார் கடைகளில் குத்துவிளக்குக்கும் பொம்மைக்கும் பக்கத்தில் தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருப்பது அதனால்தான். ஆடுபவருக்குப் பட்டமும் மேடையும் கிடைத்தன; வரைபவர் ஸ்டால் போட்டார். இது அநீதி. அந்தக் கலைஞர்கள் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை என்பதால் அநீதி இல்லை என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கலைகள் தனித்தனியாக இருந்தவை அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சுந்தரர் கயிலை சேரும் காட்சியில் ஆடும் பெண்களும் உண்டு, வாசிப்பவர்களும் உண்டு. அந்த ஓவியங்களுக்கு நேர் மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 சிற்பங்களாக நிற்கின்றன. வெளியே கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற 400 ஆடல் மகளிரின் பெயரும், நட்டுவர், இசைக்காரர் எல்லாருக்கும் விட்ட பங்கும் இருக்கின்றன. ஓவியம், நடனம், இசை மூன்றுக்கும் ராஜராஜன் ஒரே கோயிலில்தான் இடம் கொடுத்தான்.

திரையில் ஒளிரும் தங்கம்

இன்றைய மேடைக்கு வருவோம். தஞ்சாவூர் ஓவியத்தில் மாலையும் கிரீடமும் சுண்ணமும் பசையும் கலந்த மக்கால் மேடாக எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டியவை. பூசையறையில் விளக்குச் சுடர் கீழிருந்து அசையும்போது அந்த மேடுகளில் ஒளி ஓடும். சுடர் ஆட ஆட நவநீத கிருஷ்ணனின் கன்னமும் மின்னும். அதையே படமெடுத்து எல்இடி திரையில் போட்டால் மேடு மறைந்துவிடும், தங்கம் வெறும் மஞ்சளாகிவிடும். அதைவிடத் தொல்லை, திரையின் வெளிச்சம் நடனக் கலைஞரின் முகத்தையே விழுங்கிவிடுகிறது. புருவம் அசைவது தெரியாத அபிநயத்தால் யாருக்கு என்ன பயன்?

மேடையோரம் ஓவியர் அவசரமாக வரைவதும் எல்லா நேரமும் பொருந்துவதில்லை. பட்டச்சித்திரமும் தஞ்சாவூர் ஓவியமும் நாள் கணக்கில் ஊறி வருபவை. ஒன்றரை மணி நேரக் கச்சேரிக்குள் அவற்றை அடைக்க முடியாது. மேடையிலேயே வரைவதுதான் வேண்டும் என்றால் அதற்கென்றே பிறந்த மரபு கேரளத்தில் இருக்கிறது. களமெழுத்துப் பாட்டில் அரிசி மாவு, மஞ்சள், உமிக்கரி, இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு என்று ஐந்து பொடிகளால் பத்ரகாளியைத் தரையில் எழுதுகிறார்கள். நந்துணி என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறார்கள். கடைசியில் வெளிச்சப்பாடு என்ற சாமியாடி ஆடியபடியே வந்து காலால் அந்தக் களத்தை அழித்துவிடுகிறார். ஓவியத்தை நடனம் எடுத்துக்கொள்கிறது. வங்காளத்தில் படுவா என்ற ஓவியர்கள் தாங்கள் வரைந்த சுருளை விரித்து, விரலால் காட்டிக்கொண்டே பாடுகிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் ஓவியத்துக்கு வேலை இருக்கிறது, காலம் இருக்கிறது. எதுவும் வெறும் பின்னணித் துணியாகத் தொங்கவில்லை.

ஆகவே நடனக் கலைஞர்களுக்கும் சபா நிர்வாகிகளுக்கும் சில வேண்டுகோள்கள். திரைக்குப் பதிலாக உண்மையான ஓவியம் ஒன்றை, ஒன்றே ஒன்றை, மேடையில் வையுங்கள். அதன்மேல் கீழிருந்து மெல்லிய வெளிச்சம் விழட்டும். நடனம் அமைக்கும் நாளிலேயே ஓவியரை ஒத்திகைக்கு அழையுங்கள், பாட்டின் பொருளை அவர் கேட்கட்டும், அவர் கோட்டின் வளைவை நீங்கள் பாருங்கள். பாடகரையும் மிருதங்கக்காரரையும் மேடையில் ரசிகர் பார்க்கும் இடத்தில் அமர்த்துங்கள். அழைப்பிதழில் நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு என்று போடுகிற அதே எழுத்தளவில் ஓவியரின் பெயரையும் போடுங்கள். அவர் வரைந்த படத்தைத் திரையில் காட்டினாலும் சன்மானம் கொடுங்கள்.

2019 மே 3ஆம் தேதி ஃபானி புயல் புரிக் கரையைக் கடந்தபோது ரகுராஜ்பூரின் கூரைகளும் தென்னைகளும் விழுந்தன, வரைந்து வைத்திருந்த சித்திரங்கள் நீரில் நனைந்து பாழாயின. ஊர் மறுபடி உட்கார்ந்து வரையத் தொடங்கிவிட்டது. புரிக்கு யாத்திரை போகிற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஜகந்நாதரைச் சேவித்துத் திரும்பும்போது அரை நாள் ஒதுக்கி அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். இடைத்தரகர் கடையில் வாங்காமல் திண்ணையில் உட்கார்ந்து வரைந்தவர் கையிலிருந்தே ஒரு பட்டச்சித்திரம் வாங்குங்கள். கோட்டிபுவாச் சிறுவர்கள் ஆடினால் நின்று பார்த்துவிட்டு, மர்தளம் வாசித்தவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.